கூத்தந்தாங்கல் மரக்கோயிலின் வடக்கு வாசல்

கூத்தந்தாங்கல்
12 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு மணிவண்ணன் எழுதறது. இங்க எல்லாரும் சொகம்.

போன்ல பேசினா பத்தாவது வார்த்தையில நமக்குள்ள சண்டை வருது. அம்மா அடக்கத்துக்கு அப்புறம் ரெண்டு வருஷமா இப்படித்தான் போய்க்கினு இருக்குது. அதான் எழுதறேன். டிப்போவுல பஸ்ஸுக்கு ரிப்பேர் சீட்டு எழுதினதோட என் எழுத்து சரி. தப்பு இருந்தா டீச்சர் மாதிரி சிவப்பு மையில திருத்தி அனுப்பாதே.

விஷயம் இன்னான்னா, நம்ம மரக்கோயிலுக்கு இந்த வருஷம் நூத்தி இருபத்தஞ்சி. டிசம்பர் ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கிழமை ஜூபிலி. சபைப் போதகர் ஐயர் புதுசு, வந்து ஆறு மாசம்தான் ஆவுது, நல்ல சுறுசுறுப்பு. மலர் ஒண்ணு போடணும்னு சொல்லிட்டாரு. கமிட்டி செயலாளர்னு என் தலையில விழுந்துது. கோயில் வரலாறு எட்டு பக்கம் வேணும். உன்னைவிட்டா யார் எழுதுவாங்க?

நம்ம கொள்ளுத்தாத்தா ஞானாபரணம் உபதேசியார் எழுதி வெச்ச தினக்குறிப்பு, ஞானஸ்நானப் பதிவேடு, பழைய கமிட்டி நோட்டு எல்லாம் கோயில் தகரப்பொட்டியில இருந்துது. அப்படியே முசரவாக்கம் ஷேர் ஆட்டோக்காரன்கிட்ட குடுத்தனுப்பி இருக்கேன். சின்ன காஞ்சிபுரத்துல நீ இருக்கிற தறிக்காரர் வீட்டு மாடி அவனுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பழைய எழுத்து படிக்க வரல.

கதை உனக்கே தெரியும். இருந்தாலும் இதெல்லாம் வரணும். 1899ல நம்ம ஆளுங்க கோயில் கட்டறதுக்கு நிலம் கேட்டப்ப மிராசுதார், "என் மண்ணுல அஸ்திவாரம் தோண்டக்கூடாது, செங்கல் வெக்கக்கூடாது" ன்னான். அதனால கல்லு மேல மரத்தாலேயே கோயில். ரயில் பாதையில கழிச்சிப் போட்ட கட்டைங்க அடியில, தேக்குப் பலகை சுவரு, எல்லாம் ரயில் போல்ட்டு போட்டு முடுக்கினது. பதினாலு வருஷம் கழிச்சி, காலி பண்ணலைன்னா கொளுத்திடுவேன்னு அவன் சொன்னப்ப, நம்ம முன்னோர் அந்தக் கோயிலைக் கழட்டி, தோள்லயே சுமந்து, தாங்கல் ஏரிக் கரையில நிறுத்தினாங்க. இந்தியாவுலயே இப்படி ஒரு கோயில் இருக்குமா சொல்லு. அட்டைப்படத்துக்கு உபதேசியார் தாத்தா உத்திரத்தைத் தோள்ல வெச்சிருக்கிற மாதிரி படம் வரையச் சொல்லி இருக்குது.

கோயிலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறோம். நல்லதா எழுதுக்கா.

மணிவண்ணன்


சின்ன காஞ்சிபுரம்
3 செப்டம்பர் 2024

மணி,

பெட்டி வந்தது. மூன்று வாரமாகப் படித்தேன். முதல் நான்கு பக்கத்தைப் பெருமையோடுதான் எழுதினேன். ரயில் கட்டைகளை இழுத்து வந்தது, கல்லின் மேல் கட்டை நிறுத்தியது, முதல் ஆராதனைக்கு மழை பெய்தது எல்லாம் தாத்தா அழகாக எழுதியிருக்கிறார். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிறகு 1913 ஏப்ரல் வந்தது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். பழைய எழுத்து படிக்க வராது என்றாயே, என் எழுத்தில் படி.

"சனிக்கிழமை. கிழக்குத்தெருவார் முப்பத்தொரு பேர் வந்து ஆலயத்தைக் கழற்றிச் சுமந்து தாங்கல் கரையில் சேர்த்தார்கள். நம்மவர்களில் ஒருவரும் கை வைக்கவில்லை. மிராசுதாரின் ஆட்களுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தார்கள். சுமந்தால் ஞானஸ்நானமும் ஆலயத்துக்குள் இடமும் தருவோம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். சின்னான் என்பவன் உத்திரத்தின் கீழ் அகப்பட்டான்."

அடுத்த நாள்: "சின்னான் மரித்தான். ஞானஸ்நானம் பெறாதவன் ஆனபடியால் அவர்களே புதைத்துக்கொண்டார்கள்."

ஜூன் மாதம்: "கிழக்குத்தெருவார் உள்ளே வந்தால் நாங்கள் வெளியே போவோம் என்று பதினேழு குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். ஆகையால் வடபுறம் ஒரு வாசல் திறந்து, வெளியே பலகை அடித்து, அவர்களை அங்கே இருத்தினேன். திருவிருந்துக்குப் பாத்திரமும் வேறு. சமாதானம் உண்டாயிற்று."

சமாதானம் உண்டாயிற்றாம்! அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய் வாய் கொப்பளித்தேன். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரத் தறிக்காரர் தினகரனின் மனைவி "இன்னாமா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

நாம் சுமக்கவே இல்லை, மணி. சுமந்தவர்கள் தோல் வேலை செய்தவர்கள். ஊர் நம்மைத் தள்ளி வைத்தது. நாம் அவர்களைத் தள்ளி வைத்தோம். ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கவிடாத மிராசுதாரைப் பற்றி வருஷா வருஷம் பிரசங்கம் கேட்டு மூக்கைச் சிந்தினோமே, அந்தப் பிரசங்கத்தை வடக்கு வாசலுக்கு வெளியே உட்கார்ந்து கிழக்குத்தெருக் குடும்பங்களும் கேட்டுக்கொண்டிருந்தன.

இன்னொன்று. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது. திருவிருந்து முடிந்ததும் அம்மா என்னிடம் ஒரு பித்தளை டம்ளரைக் காட்டி, "அதைக் கையால தொடாத, துணியில புடிச்சி சாம்பல் போட்டுத் தேய்" என்பாள். வெள்ளிக் கிண்ணத்தைக் கிணற்றடியில் கழுவுவோம். டம்ளரைத் தாங்கலில். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. கேட்காதது மட்டுமா? ஒருநாள் என் விரல் பட்டுவிட்டது என்று மண்ணில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இயேசுவின் ரத்தம் என்று சொல்லிக் கொடுத்த டம்ளரைத் தொட்டதற்காக! அந்த விரலால்தான் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு அ ஆ எழுதிக் காட்டினேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

எண்பத்து மூன்றில் வந்த ஐயர் அந்த டம்ளரைத் தூக்கித் தாங்கலில் எறிந்தார். அதன் பிறகு மூன்று மாதம் நம் வீட்டில் யாரும் திருவிருந்து எடுக்கவில்லை. அதுவாவது ஞாபகம் இருக்கும், அப்போது உனக்கு இருபது வயது.

வரலாறு எழுதித் தருகிறேன். இதையும் சேர்த்துத்தான்.

அன்னம்மாள்


கூத்தந்தாங்கல்
11 செப்டம்பர் 2024

அக்கா,

உன் லெட்டரை ரெண்டு வாட்டி படிச்சேன். எனக்குக் கோவம்தான் வந்துது.

நம்மளை அடிச்சவன் மிராசுதார். நம்ம ஆயாவை மாட்டுக்கொட்டாயில கட்டி வெச்சவன் அவன். அவனை விட்டுட்டு நீ தாத்தாவைப் புடிச்சிக்கினியே? அந்தக் காலத்துல அவர் ஒருத்தர் இன்னா பண்ண முடியும்? பதினேழு குடும்பமும் போயிருந்தா கோயிலே இருந்திருக்காது. நீயும் டீச்சர் ஆயிருக்க மாட்டே, நானும் டிப்போவுக்குள்ள போயிருக்க மாட்டேன். அவர் பள்ளிக்கூடம் வெச்சாரு, அதுல படிச்சிதான் எல்லாம் ஆச்சு. அதைப் பெருசா எழுது.

வடக்கு வாசல் காத்துக்காக வெச்சதுன்னுதான் அப்பா எனக்குச் சொன்னாரு. இப்ப யாரும் யாரையும் வெளிய உக்காருன்னு சொல்றது இல்ல. கிழக்குத்தெருவுல முக்காவாசிப் பேரு வேற சபைக்குப் போய்ட்டாங்க. கோயிலுக்கு வர்றது பரசுராமன் வீடு ஒண்ணுதான். அவரும் அவராத்தான் வடக்கு வாசப்படியில உக்காந்துக்குறாரு. உள்ள எத்தினி பெஞ்சு காலி! வரலைன்னா நாம இன்னா பண்றது?

டம்ளர் கதையெல்லாம் ஜூபிலி மலர்ல போட்டா, படிக்கிறவன் சிரிப்பான். ஊர்த்தெருக்காரன் கையில கத்தி குடுத்த மாதிரி ஆவும். "பாத்தியா, அவங்களும் அப்படித்தானே"ன்னுவான். அதை நெனச்சிப் பாத்தியா?

தினக்குறிப்பைத் திருப்பி அனுப்பு. அது கோயில் சொத்து.

மணிவண்ணன்


சின்ன காஞ்சிபுரம்
24 செப்டம்பர் 2024

மணி,

ஊர்த்தெருக்காரன் சிரிப்பான் என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கட்டும். அதற்குப் பயந்து மூடி வைத்தால் நாற்றம் நம் வீட்டுக்குள்ளேதான் இருக்கும்.

சனிக்கிழமை நான் ஊருக்கு வந்தேன், உன் வீட்டுக்கு வரவில்லை. முசரவாக்கத்தில் இறங்கி நடந்தேன். பரசுராமன் கோயில் பின்சுவருக்கு முந்திரி எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். எண்பது வயது. ஏணியில் நிற்கக் கால் நடுங்குகிறது, பேத்தி திரிஷா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரகடத்தில் கம்பெனி வேலை செய்கிறாளே, அந்தப் பெண். லீவு நாளில் தாத்தாவுக்கு ஏணி பிடிக்கிறாள்.

சின்ன வயதில் நாம் இருவரும் அவரை எப்படிக் கூப்பிட்டோம்? "டேய் பரசுராமா." எனக்கு எட்டு வயது, அவருக்கு இருபத்திரண்டு. இந்த முறை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். கடைசியில் "பெரியவரே" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"எத்தனை வருஷமாக எண்ணெய் பூசுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்க நைனா செத்ததுல இருந்து டீச்சரம்மா. அறுபது இருக்கும். ஒரு வருஷம் விட்டா கரையான் ஏறிக்கும். இதோ, இந்தப் பலகை மூணும் நான் மாத்தினது. அந்த உத்திரம் மட்டும் அப்படியே இருக்குது." உத்திரத்தைக் காட்டியபோது குரல் மாறியது. எந்த உத்திரம் என்று நான் கேட்கவில்லை.

"ஏன் உள்ளே வந்து உட்காருவதில்லை?" என்றேன்.

அவர் எண்ணெய்த் துணியைப் பிழிந்தார். "உள்ள வந்து உக்காருங்கன்னு இதுவரைக்கும் யாராவது ஒரு வார்த்தை கூப்ட்டாங்களாமா? போடான்னு சொல்லலதான். வான்னும் சொல்லலியே."

தினக்குறிப்பு பையில்தான் இருந்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை, வந்துவிட்டேன்.

அவராகவே வெளியே உட்காருகிறாராம்! அதை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

எட்டுப் பக்கமும் இத்துடன் இருக்கிறது. எல்லாம் எழுதியிருக்கிறேன். தாத்தாவின் பள்ளிக்கூடத்தையும் எழுதியிருக்கிறேன், நீ சொன்ன அளவு பெரிதாகவே. ஒரு வரி வெட்டினாலும் என் பெயரைப் போடாதே. தினக்குறிப்பைத் தர மாட்டேன்.

அன்னம்மாள்


சின்ன காஞ்சிபுரம்
18 அக்டோபர் 2024

மணி,

நேற்று முன்தினம் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பரசுராமன் இறந்த செய்தியைத் திரிஷாதான் எனக்குப் போனில் சொன்னாள். என் தம்பி சொல்லவில்லை. நான் வந்து சேர்ந்தபோது சவப்பெட்டி கோயில் முன்வாசலில் இருந்தது. பதினொரு மணி வெயில். தூக்கி வந்த ஆறு பேரும் வேர்த்துப்போய் நின்றார்கள். நீ சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றாய்.

"பெரிய கதவுக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்குதும்மா. ஒட்டிக்கும். வடக்கு வாசல் தொறந்திருக்குது, அப்படிக் கொண்டாந்துடுங்க" என்றாய். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாய்!

திரிஷா, "எங்க தாத்தா எண்பது வருஷம் அங்கதான் உக்காந்தாரு. இன்னைக்கி ஒருநாள் இப்படிப் போவட்டும், தொறங்க" என்றாள்.

"பெயிண்ட் ஈரமா இருக்குதுன்னு சொல்றேன் இல்ல?"

"துணியில ஒட்டினா ஒட்டட்டும். எங்க துணிதானே?"

அப்போதும் நீ திறக்கவில்லை. ஐயர் அங்கேதான் நின்றார். அங்கியைப் போட்டுக்கொண்டு போனில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். "உள்ளூர் விஷயம், கமிட்டி பாத்துக்கும்" என்றார். பெட்டிக்குள் இருந்தவர் அவருடைய சபையார் இல்லையா?

நான் படியேறி வந்தேன், உனக்கு நினைவிருக்கும். உன்னைத் தாண்டிப் போய்க் கதவில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தேன். கையில் ஒரு பொட்டு ஒட்டவில்லை. கையை விரித்து உன்னிடம் காட்டினேன். நீ தாங்கலைப் பார்த்தாய்.

முக்கால் மணி நேரம், மணி. ஈக்கள் வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்தன. திரிஷாவின் அம்மா முந்தானையால் ஓட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் திரிஷா "தூக்குங்கண்ணா, போலாம்" என்றாள். வடக்கு வாசலை அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகச் சுடுகாட்டு மேட்டுக்குப் போனார்கள். பின்னால் ஐயர் வரவில்லை. நீ வரவில்லை. வேதமும் இல்லை, பாட்டும் இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்தைச் சொல்ல வாயெடுத்தேன். திரிஷா என் கையைப் பிடித்து, "வேணாம் டீச்சர்" என்றாள். மண் தள்ளினோம். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். இரண்டு முறை குளித்தேன். சாவு வீட்டுக்குப் போனதற்காக இல்லை. உன் பக்கத்தில் அந்தப் படியில் நின்றதற்காக.

அன்னம்மாள்


கூத்தந்தாங்கல்
29 அக்டோபர் 2024

அக்கா,

ஆமா, பெயிண்ட் காஞ்சிதான் இருந்துது. எனக்குத் தெரியும். காலையில நானே தொட்டுப் பாத்தேன்.

அதுக்கு முந்தின நாளு சாயங்காலம் பதினஞ்சி வீட்டுக்காரங்க என் வீட்டுக்கு வந்தாங்க. எல்லாம் நம்ம சொந்தம்தான். "ஜூபிலி வருஷம், புதுசா பெயிண்ட் அடிச்ச வாசல்ல மொதல்ல போறது கிழக்குத்தெரு பொணமா? அப்படிப் போச்சின்னா ஒருத்தரும் ஜூபிலிக்கு வரமாட்டோம்"ன்னுட்டாங்க. ஐயர்கிட்ட போய்ச் சொன்னேன். "சமாதானமா முடிங்க"ன்னாரு. நான் இன்னா பண்ணட்டும்? சபை ஒடைஞ்சிட்டா அப்புறம் யார் சேக்கறது? வடக்கு வாசல் வழியா போயிருந்தா அடக்கமும் ஆயிருக்கும், சபையும் இருந்திருக்கும். அந்தப் பொண்ணு அவ்ளோ அடம் புடிப்பாள்னு யாருக்குத் தெரியும்?

ஒரு வாரமா எனக்கு சோறு எறங்கல. பெட்டி மேல அந்தம்மா ஈ ஓட்டினதுதான் கண்ணுல நிக்குது. அதுக்காக நீ எழுதினது எல்லாம் சரின்னு நான் ஒத்துக்கினதா நெனைக்காதே.

மலர் அச்சுக்குப் போய்டுச்சி. நீ எழுதினதை ஐயர் படிச்சிட்டு நாலு பக்கம் போதும்னாரு. நான் வெட்டல. வெட்டும்போது பக்கத்துல இருந்தேன்.

ஜூபிலிக்கு வா. வரமாட்டேன்னு தெரியும். இருந்தாலும் கூப்பிடறேன்.

மணிவண்ணன்


சின்ன காஞ்சிபுரம்
9 டிசம்பர் 2024

மணி,

மலர் தபாலில் வந்தது. என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, "ஓய்வு பெற்ற ஆசிரியை" என்று. கீழே நான் எழுதாத வாக்கியங்கள். "நம் முன்னோர் ஆலயத்தைத் தம் தோள்களில் சுமந்தனர்." "வடபுற வாசல் காற்றோட்டத்திற்காக அமைக்கப்பட்டது." அட்டையில் கொள்ளுத்தாத்தா உத்திரத்தைத் தோளில் தாங்கி மேலே வானத்தைப் பார்க்கிறார். சின்னானைக் கொன்ற உத்திரம். படத்தைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறியது, துப்புவதற்கு.

1913இல் பதினேழு குடும்பம். 2024இல் பதினைந்து. நூற்றுப் பதினொரு வருஷத்தில் இரண்டு குடும்பம் குறைந்திருக்கிறது. நம் சபையின் வளர்ச்சி அவ்வளவுதான். நீ எழுதிய கடிதத்தையும் தாத்தாவின் ஜூன் மாதக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எழுத்து மட்டும்தான் வேறு.

தினக்குறிப்பு உங்களிடம் திரும்பி வந்தால் அதையும் வெட்டிவிடுவீர்கள். அதனால் நேற்று அதை எடுத்துக்கொண்டு திரிஷா வீட்டுக்குப் போனேன். இதற்கு உரிமையுள்ளவர்களிடம் கொடுத்துவிட்டேன் என்று உனக்குப் பெருமையாக எழுத வேண்டும் என்று பஸ்ஸிலேயே வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நான் நோட்டை நீட்டி, சின்னான் என்று ஆரம்பித்தேன்.

"எங்க தாத்தாவோட தாத்தா" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"சோறு ஊட்டும்போதே சொல்ற கதை டீச்சர் அது. யார் யாரு சுமந்தாங்க, முப்பத்தொரு பேரும் தெரியும். உள்ள இடம் தரேன்னு சொல்லிட்டு வெளிய பலகை அடிச்சது தெரியும். டம்ளரு தெரியும். அதை யார் கழுவுவாங்கன்னும் தெரியும்."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். கோபமில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இதை நீயே வைத்துக்கொள்ளம்மா" என்றேன்.

"நான் வெச்சிக்கினு இன்னா பண்றது? எங்களுக்குத் தெரியாதது இதுல ஒண்ணும் இல்ல. தெரியாதவங்க உங்க தெருவுல இருக்கிறாங்க. அங்க படிச்சிக் காட்டுங்க." நோட்டை என் பையிலேயே திருப்பி வைத்தாள். அவள் அம்மா டீ கொண்டு வந்து வைத்தாள். குடித்தேன். ருசி தெரியவில்லை.

மூன்று மாதமாக நான் எதையோ கண்டுபிடித்துவிட்டதாக உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர்கள் நூறு வருஷமாகத் தெரிந்துகொண்டே நம் சுவருக்கு எண்ணெய் பூசியிருக்கிறார்கள். உன்மேல் எனக்கு இருந்த அருவருப்பில் பாதியை இப்போது என் பக்கம் எடுத்துக்கொண்டேன்.

வருகிற ஞாயிறு, 15ஆம் தேதி, ஆராதனைக்கு வருகிறேன். அறிவிப்பு நேரத்தில் எழுந்து ஏப்ரலையும் ஜூனையும் படிப்பேன். டம்ளர் கழுவியதையும் சொல்வேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

அன்னம்மாள்


கூத்தந்தாங்கல்
6 ஜனவரி 2025

அக்கா,

நீ அன்னைக்கிப் படிச்சி முடிச்சிட்டு யார்கிட்டயும் பேசாம பஸ் ஏறிட்டே. அப்புறம் நடந்தது உனக்குத் தெரியணும்.

ஐயர் மைக்கை நிறுத்தச் சொன்னப்ப நிறுத்தினது நான்தான். மைக் இல்லாமயும் நீ படிச்சே. பாதிப் பேரு எழுந்து போனாங்க. மிச்சப் பேரு தலையைக் குனிஞ்சிக்கினு இருந்தாங்க. "அந்த டம்ளரைக் கழுவினவ நான்தான்"னு நீ சொன்னப்ப, எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துது. இதை யார்கிட்டயும் சொன்னது இல்ல. எண்பத்தி மூணுல ஐயர் டம்ளரைத் தாங்கல்ல எறிஞ்சாரு இல்ல? அன்னிக்கிச் சாயங்காலம் அப்பா என்னைத் தண்ணியில எறங்கித் தேடச் சொன்னாரு. நானும் எறங்கித் தேடினேன். இருட்டற வரைக்கும் சேத்துல கையை விட்டுத் தேடினேன். அது கெடைக்கணும்னு வேண்டிக்கினே தேடினேன். எனக்கு அப்ப இருபது வயசுக்கா. சின்னப் பையன் இல்ல.

மறுவாரம் கமிட்டி கூடிச்சி. ஒரே மனசா ஒரு தீர்மானம். மரக்கோயிலை எடுத்துட்டு கான்க்ரீட்ல புதுக்கோயில் கட்டறாங்களாம். ஈஸ்டர் முடிஞ்சதும் வேலை. இத்தனை நாளு பெருமையா இருந்த மரம், நீ படிச்ச அன்னையில இருந்து அவங்களுக்கு அசிங்கமாத் தெரியுதாம். வாசல் இல்லாம போய்ட்டா நடந்ததும் இல்லாம போய்டும்னு நெனைக்கிறாங்க. நான் எழுந்து, "பெயிண்ட் காஞ்சிருந்துது, நான் பொய் சொன்னேன், நீங்க சொல்லித்தான் சொன்னேன்"ன்னேன். அடுத்த தீர்மானம், செயலாளரை மாத்தறது. சாவியை மேசை மேல வெச்சிட்டு வந்துட்டேன்.

அதுக்கு அப்புறம் திரிஷா வீட்டுக்குப் போனேன். மொத நாளு கதவைத் தொறக்கல. ரெண்டாவது வாட்டி அந்தப் பொண்ணு வெளிய வந்துது. மன்னிச்சிடும்மான்னேன். "அது எதுக்கு? அதை வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது?"ன்னுது. கோயிலை இடிக்கப் போறாங்கன்னு சொன்னேன். "இடிச்சா இடிங்க, வெச்சா வெய்யுங்க, உங்க இஷ்டம். எங்க தாத்தாவுக்கு அடக்க ஆராதனை நடக்கல. அதை நடத்துங்க. சுடுகாட்டு மேட்டுல, எல்லாரும் பாக்கற மாதிரி, பட்டப்பகல்ல"ன்னுது.

ஐயர்கிட்ட கேட்டேன். புதைச்சி மூணு மாசம் ஆவப் போவுது, அப்படி ஒரு முறைமை இல்லன்னாரு. பதினஞ்சி வீட்டுக்கும் நானே போய்க் கூப்பிட்டேன். பத்து வீட்டுல உள்ள வரச் சொல்லல. ஒரு வீட்டுல என் மூஞ்சி மேலயே, "ஒனக்கு வயசாயிடுச்சி"ன்னாங்க.

நேத்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு நடந்துது. நம்ம ஆளுங்க நாலு பேர் வந்தாங்க. கிழக்குத்தெருவுல, வேற சபைக்குப் போனவங்களும் சேர்ந்து, ஒரு அம்பது பேரு. அவங்க யாரும் எங்களோட பேசல. உன்னைக் கூப்பிடலாமான்னு கேட்டேன். "டீச்சர் அன்னைக்கி வந்தாங்க, இது வராதவங்களுக்கு"ன்னு திரிஷா சொல்லிட்டுது. அதான் உனக்குச் சொல்லல.

ஜெபப்புத்தகத்தைப் பாத்து நான்தான் படிச்சேன். எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்ல, உனக்குத் தெரியும். தட்டுத் தடுமாறிப் போய்க்கினே இருந்தேன். "நம்முடைய பிரியமான சகோதரன்"னு ஒரு எடம் வருது. அங்க எனக்குக் கொரலு வரல. துக்கத்துல தொண்டை அடைக்கலக்கா. அந்த வார்த்தையைச் சொல்ல என் வாய் எனக்கே அசிங்கமா இருந்துது. புத்தகத்தைப் புடிச்சிக்கினு அப்படியே நின்னேன். பின்னாடி யாரோ இருமினாங்க. மூடிட்டுப் போய்டலாமான்னு பாத்தேன்.

"படிங்க" ன்னுது திரிஷா.

படிச்சேன்.

மணிவண்ணன்